கிராஃப் போட்டே கை வலிக்குதா? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல கிராஃப் பத்தித்தான், ப்ராஜெக்ட் சப்மிஷன் நேரம்னா அப்டித்தான் வந்து குவியும். கம்பம், போடி, செங்கோட்டைல இருந்து வந்திருக்கு, மலைக்கு அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு, குமுளி, கொழிஞ்சாம்பாறைல இருந்தும் வந்திருக்கு. கமாண்ட் பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துல போட்ருக்கேன், கம்ப்யூட்டர்ல அடிக்கிறப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க.

கேள்வி: அண்ணே, முல்லைப் பெரியாறு அணையோட தினசரி நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேத்துற தண்ணி மூணையும் அஞ்சு வருஷத்துக்கு எக்செல்ல ஏத்தி வச்சிருக்கேன். கிராஃப் போட்டா கோடு ரம்பப் பல்லு மாதிரி மேலயும் கீழயும் போகுது. அது போக எங்க கைடு சார் ஒவ்வொரு தடவையும் கலர மாத்து, எழுத்தப் பெருசாக்குன்னு சொல்றாரு, அஞ்சு வருஷத்துக்கு அஞ்சு படத்தையும் திரும்பத் திரும்ப கையால மாத்திக்கிட்டே இருக்கேன். வேற வழி இருக்கா? – எம்.எஸ்சி. மாணவர், கம்பம்

பதில்: தம்பி, இது ரெண்டு வேற வேற சிக்கல். மொதல்ல ரம்பப் பல்லப் பாப்போம். இன்னைக்கு 118 அடி, நாளைக்கு 131 அடி, நாளான்னைக்கு மறுபடி 118ன்னு எந்த அணையும் ஏறி எறங்காது, அதனால நம்பர்ல தப்பில்ல, தேதியிலதான் தப்பு. உங்க கம்ப்யூட்டர்ல ரீஜியன் செட்டிங் அமெரிக்கான்னு இருந்துச்சுன்னா 05-06-2023ன்னு நீங்க ஜூன் அஞ்சாந்தேதிய அடிச்சா எக்செல் அத மே ஆறாந்தேதின்னு எடுத்துக்கும், ஆனா 13-06-2023ன்னு அடிச்சா பதிமூணாவது மாசம்னு ஒண்ணு இல்லையா, அதனால அத தேதியாவே எடுக்காம வெறும் எழுத்தா விட்ரும். ஆக ஒவ்வொரு மாசத்துலயும் மொத 12 நாளு எங்கயோ வேற மாசத்துல போய் உக்காந்துரும், மிச்ச நாளு காணாமப் போகும். கண்டுபிடிக்கிறது ஈஸி, தேதி இருக்கிற காலத்த (காலம்னா ஷீட்ல மேலருந்து கீழ போற வரிசை) நீங்களா அலைன்மென்ட் மாத்தாம அப்டியே பாருங்க, வலது பக்கம் ஒட்டி நிக்கிறதெல்லாம் எக்செல் தேதின்னு புரிஞ்சுக்கிட்டது, இடது பக்கம் ஒட்டி நிக்கிறதெல்லாம் எழுத்து. ரெண்டும் கலந்து இருந்தா ஷீட்ட உள்ளயே திருத்தப் பாக்காதீங்க, எது மாறுனது எது மாறாததுன்னு பாதி வழியில குழம்பிப் போவீங்க, ஒரிஜினல் ஃபைல எடுத்து மறுபடி ஏத்துங்க. இனிமே தேதிய 2023-06-05ன்னு வருஷம், மாசம், நாளு வரிசைல எழுதி சிஎஸ்வி ஃபைலா (கமா போட்டுப் பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) வச்சுக்கோங்க. பைத்தான்ல பாண்டாஸ்ங்கற டேட்டா லைப்ரரி வச்சு ஃபைலப் படிக்கிறவங்க இருந்தா டூ டேட்டைம் கிட்ட ஃபார்மேட் என்னன்னு நாமளே சொல்லிரணும், அதுவா யூகிக்கட்டும்னு விடக்கூடாது.

இன்னொண்ணு, வரத்துன்னு இருக்கிற காலத்துல "நில்", "-" ன்னெல்லாம் போட்டு வச்சிருப்பாங்க. சில எடத்துல அதுக்கு அர்த்தம் சைபர், சில எடத்துல அன்னைக்கு அளவே எடுக்கலன்னு அர்த்தம். ரெண்டையும் சைபர்னு மாத்தி வச்சீங்கன்னா வராத வறட்சிய உங்க கிராஃப் காட்டும். அளவு இல்லாத நாள காலியா விடுங்க, மேட்பிளாட்லிப்ல (பைத்தான்ல கிராஃப் போடுற லைப்ரரி) அந்த எடத்துல கோடு அறுந்து நிக்கும், நிக்கட்டும், அதான் நேர்மை.

இப்ப கைடு சார் விஷயம். படத்த மவுஸால திருத்துறத இன்னையோட விட்ருங்க. படம் எப்டி வரணும்ங்கறத ஒரு ஸ்கிரிப்ட்டா எழுதி வச்சுட்டா அவரு பத்து தடவ மாத்தச் சொன்னாலும் ஒரு வரி மாத்தி ஓட்டுனா அஞ்சு படமும் புதுசா வந்துரும். இதுக்கு க்னூபிளாட்ங்கற கிராஃப் சாஃப்ட்வேரே போதும், 1986ல தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லின்னு ரெண்டு பேரு எழுத ஆரம்பிச்சது, இன்னைக்கும் இலவசம் (பேர்ல க்னூ இருக்கேன்னு பாக்காதீங்க, க்னூ ப்ராஜெக்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல). செட் டேட்டாஃபைல் செப்பரேட்டர்னு கமா குடுங்க, செட் எக்ஸ்டேட்டா டைம், செட் டைம்எஃப்எம்டில உங்க தேதி வடிவம், செட் டெர்மினல் பிஎன்ஜிகெய்ரோ, அப்றம் டூ ஃபார்னு ஒரு லூப்புக்குள்ள வருஷத்த ஒண்ணொண்ணா மாத்தி அவுட்புட் ஃபைல் பேர்லயும் அதே வருஷத்த ஒட்ட வச்சு பிளாட் பண்ணுங்க. அம்புட்டுத்தான். லூப் வசதி 4.6 வெர்ஷன்ல இருந்து இருக்கு, காலேஜ் லேப்ல ரொம்ப பழசு கெடந்தா மாத்தச் சொல்லுங்க.

லூப் போடுறவங்க எல்லாரும் கோட்டை விடுற எடம் ஒண்ணு இருக்கு, ஒய் ஆக்ஸிஸ் எல்லை. அத சொல்லாம விட்டா ஒவ்வொரு வருஷத்துக்கும் சாஃப்ட்வேரே ஒரு எல்லைய எடுத்துக்கும், ஒரு படம் 110ல இருந்து 130 வரைக்கும், இன்னொண்ணு 115ல இருந்து 142 வரைக்கும், அப்றம் அஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எல்லா வருஷமும் ஒரே மாதிரி நெறஞ்ச மாதிரி தெரியும். இந்த அணைக்கு 100 அடில இருந்து 155 அடின்னு எல்லாத்துக்கும் ஒரே எல்லையா வைங்க. 104 அடிக்குக் கீழ போனா நம்ம பக்கம் தண்ணி எடுக்க முடியாது, சுப்ரீம் கோர்ட் 2014ல ஒப்புக்கிட்டது 142 அடி, அணையோட முழு மட்டம் 152 அடி, இந்த மூணையும் மெல்லிசா படுக்கைக் கோடா போட்டு ஓரத்துல எழுதிட்டீங்கன்னா, பாக்குறவன் கம்பத்துக்காரனா இருந்தாலும் குமுளிக்காரனா இருந்தாலும் படத்துலயே கதைய படிச்சுக்குவான்.

எங்கிட்ட கேட்டா அஞ்சு படமே வேணாம்பேன். ஜனவரில ஆரம்பிக்காம ஜூன் ஒண்ணாந்தேதில ஆரம்பிங்க, நமக்கு தென்மேற்குப் பருவமழையும் மொத போகத்துக்குத் தண்ணி திறக்கிறதும் ஜூன்தானே. ஒவ்வொரு தேதில இருந்தும் அந்தத் தண்ணி வருஷத்தோட ஜூன் ஒண்ண கழிச்சா எத்தனாவது நாளுன்னு வரும், அத எக்ஸ்ல போட்டு அஞ்சு வருஷத்தையும் ஒரே படத்துல அடுக்குங்க. நாலு வருஷத்த சாம்பல் கலர்ல விட்டு நீங்க பேசப்போற வருஷத்த மட்டும் அடர்த்தியா காட்டுங்க. அஞ்சு வருஷத்துக்கு அஞ்சு கலர் குடுத்தா ஜெராக்ஸ்ல எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும், தீசிஸ ஜெராக்ஸ்லதான் எல்லாரும் படிக்கிறாங்க.

மழையையும் சேத்துக் காட்டணும்னா வலது பக்கம் ரெண்டாவது ஒய் ஆக்ஸிஸ் போடாதீங்க, ரெண்டு ஸ்கேலையும் இழுத்து இழுத்து எத வேணா எதோட வேணா பொருந்துற மாதிரி காட்டிரலாம், அதனாலயே எனக்கு அது பிடிக்காது. மேல ஒரு சின்ன பேனல்ல மழைய தலைகீழா தொங்குற பாரா போட்டு, கீழ பெரிய பேனல்ல நீர்மட்டம், ரெண்டுக்கும் ஒரே எக்ஸ். நீரியல்காரங்க காலங்காலமா அப்டித்தான் போடுறாங்க. இந்திய வானிலைத் துறை கணக்குல மழை அளவு காலை 8.30 மணி வரைக்கும் முந்தின 24 மணி நேரத்துக்கு. அதாவது இன்னைக்குத் தேதி போட்டு வர்ற மழைல பெரும்பகுதி நேத்து பெஞ்சது. அணை மட்டம் எத்தன மணிக்கு எடுத்ததுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு பொருத்திப் பாருங்க, இல்லாட்டி மழைக்கு முன்னாடியே அணை ஏறுன மாதிரி ஒரு நாளு தள்ளி நிக்கும், வைவால அதத்தான் கேப்பாங்க.

கேள்வி: சார், ஏலக்கா கடைல கணக்கு பாக்குறேன். போடி, புத்தடி ரெண்டு எடத்துலயும் நடக்குற ஸ்பைசஸ் போர்டு இ-ஏலத்தோட வெலைய தினம் எழுதி வச்சு வாரா வாரம் முதலாளிக்கு கிராஃப் போட்டுக் குடுக்கணும். ஒரே தேதிக்கு நேரா கோடு செங்குத்தா நிக்குது, என்ன பண்ணினாலும் போக மாட்டேங்குது. – போடிநாயக்கனூர்

பதில்: செங்குத்துக் கோடு ஏன் வருதுன்னா ஒரே நாள்ல ரெண்டு ஏல கம்பெனி ஏலம் நடத்திருக்கும், உங்க ஷீட்ல ஒரே தேதிக்கு ரெண்டு வரி இருக்கும், கோடு அந்த ரெண்டு புள்ளியையும் இணைக்க மேலருந்து கீழ எறங்குது. அதுல தப்பு சாஃப்ட்வேர் மேல இல்ல. ஒரு நாளைக்கு ஒரு வெலைன்னு ஆக்கணும், ஆனா ரெண்டு சராசரி வெலையையும் கூட்டி ரெண்டால வகுத்துராதீங்க. ஒரு பேச்சுக்கு காலைல 10,000 கிலோ கிலோவுக்கு 2400 ரூபான்னு போச்சு, மத்தியானம் 40,000 கிலோ 2600ன்னு போச்சுன்னு வைங்க. சும்மா வகுத்தா 2500. ஆனா வித்த கிலோவ வச்சு எடை போட்டுக் கணக்குப் பண்ணா 2560. கிலோவுக்கு 60 ரூபா வித்தியாசம், முதலாளி கண்ணுக்கு அது சின்னதா தெரியாது. ஏல லிஸ்ட்லயே வந்த சரக்கு எவ்ளோ, வித்தது எவ்ளோ, அதிகபட்ச வெல, சராசரி வெல எல்லாம் தனித்தனி காலமா இருக்கும், அதுல வித்தது காலத்த எடுத்து சராசரி வெலையோட பெருக்கி, தேதி வாரியா கூட்டி, மொத்த கிலோவால வகுங்க. பாண்டாஸ்ல குரூப்பைன்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு வரி வேலை. எக்செல்லயே பண்ணணும்னா சம்இஃப் போதும்.

சராசரிய கோடா போடுங்க, அதிகபட்ச வெலைய கோடா இணைக்காம தனித்தனி சின்னப் புள்ளியா விடுங்க, ஏன்னா அது ஏதோ ஒரு நல்ல லாட்டுக்குக் கெடச்ச வெல, அன்னைக்கு மார்க்கெட்டு அது இல்ல. கோடா இருக்கிற வரைக்கும் ஒய் ஆக்ஸிஸ் சைபர்ல இருந்து ஆரம்பிக்கணும்னு அவசியமில்ல, ஆனா முதலாளி பார் போடச் சொன்னாருன்னா கண்டிப்பா சைபர்ல இருந்து ஆரம்பிங்க, பாரோட நீளத்த வச்சுத்தான் கண்ணு அளக்கும், 2000த்துல வெட்டி ஆரம்பிச்சா 2400க்கும் 2600க்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். ஏலம் இல்லாத நாளு வரத்தான் செய்யும், அத இட்டு நெரப்பாதீங்க.

வாரா வாரம் பண்ற வேலைன்னா ஸ்கிரிப்ட்ல தேதிய கையால மாத்துற மாதிரி எழுதாதீங்க, ஃபைல்ல கடைசித் தேதி எதுவோ அதுல இருந்து பின்னாடி 90 நாளுன்னு எழுதிட்டா நீங்க புது வரி மட்டும் சேத்தாப் போதும், படம் தானா நகரும்.

கேள்வி: வணக்கம் சார். எஸ்டேட் பிள்ளைங்க படிக்கிற தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க மழைமானி வச்சு எடுத்த அளவ மேட்பிளாட்லிப்ல படமா போட்டேன், தமிழ்ல தலைப்பு வச்சா மொதல்ல கட்டம் கட்டமா வந்துச்சு, ஃபான்ட் மாத்துனா எழுத்து வந்துச்சு ஆனா கொம்பு எல்லாம் எடம் மாறி நிக்குது. பிள்ளைங்க சிரிக்கிறாங்க. – வண்டிப்பெரியாறு

பதில்: டீச்சர், இந்தக் கேள்விக்காகவே இந்த மாசம் கூட ஒரு பக்கம் கேட்டு வாங்குனேன். தமிழ்ல கிராஃப் போட முயற்சி பண்ற எல்லாரும் இதுல மாட்டிட்டு கடைசில "ரெயின்ஃபால்"னு இங்கிலீஷ்ல எழுதிட்டுப் போயிர்றாங்க.

கட்டம் கட்டமா வர்றது ஃபான்ட் இல்லாததால. மேட்பிளாட்லிப்போட கூடவே வர்ற தேஜாவு சான்ஸ் ஃபான்ட்ல தமிழ் எழுத்தே கெடையாது. விண்டோஸ்ல இருக்கிற நிர்மலா யூஐ, இல்ல நோட்டோ சான்ஸ் தமிழ் எறக்கி ஃபான்ட் ஃபேமிலில குடுத்தா கட்டம் போயிரும், அத நீங்க பண்ணிட்டீங்க. கொம்பு எடம் மாறுறது வேற கதை. "பெ"ன்னு எழுதுனா கம்ப்யூட்டருக்குள்ள மொதல்ல ப, அதுக்கப்றம் கொம்பு, இந்த வரிசைலதான் யூனிகோட்ல சேமிக்கும். படிக்கிறப்ப கொம்ப முன்னாடி கொண்டாந்து வரையறதுக்குன்னு தனியா ஒரு எந்திரம் வேணும், பிரவுசர், வேர்டு, போன் எல்லாத்துலயும் அது இருக்கு. மேட்பிளாட்லிப் ரொம்ப காலமா அது இல்லாம எழுத்த வந்த வரிசைல ஒண்ணொண்ணா அடுக்கிட்டு இருந்துச்சு, அதனாலதான் "பெரியாறு"ல கொம்பு பகரத்துக்கு அப்றம் போய் ரி மேல ஒட்டிட்டு நிக்குது, "கொ", "கோ" மாதிரி ரெண்டு பக்கமும் குறி வர்ற எழுத்து இன்னும் மோசம். ஃபான்ட எத்தன தடவ மாத்துனாலும் இது போகாது, ஏன்னா ஃபான்ட் மேல தப்பில்ல.

வழி ரெண்டு மூணு இருக்கு. ஒண்ணு, படத்த பிஎன்ஜியா சேமிக்காம எஸ்விஜியா சேமிங்க, ஆனா சேமிக்கிறதுக்கு முன்னாடி ஆர்சிபாராம்ஸ்ல எஸ்விஜி ஃபான்ட்டைப்னு இருக்கிறத "நன்"னு வைங்க. அப்டி வச்சா எழுத்த வரைஞ்சு வைக்காம எழுத்தாவே விட்டு வைக்கும், அந்த ஃபைல பிரவுசர்லயோ இங்க்ஸ்கேப்லயோ தொறந்தா அது சரியா கொம்ப எடம் மாத்திக் காட்டும், அங்க இருந்து பிஎன்ஜியா எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம். ரெண்டு, க்னூபிளாட்டுக்கு மாறிருங்க, அதோட பிஎன்ஜிகெய்ரோ, பிடிஎஃப்கெய்ரோ டெர்மினல் ரெண்டும் பாங்கோங்கற லைப்ரரி வழியா எழுத்த வரையுது, தமிழ் சுத்தமா வரும், ஃபான்ட் பேர மட்டும் சரியா குடுங்க. பிள்ளைங்களோட சின்ன டேட்டாவுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும், பத்து வரில முடிஞ்சுரும். மூணு, ஆர்ங்கற புரோகிராமிங் மொழி பழக்கமிருந்தா ராக்ங்கற (ஆர்-ஏ-ஜி-ஜி) பேக்கேஜ் வழியா சேமிங்க, அதுலயும் தமிழ் ஒழுங்கா வரும்.

பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சா மேட்பிளாட்லிப்லயே சரியா வருதேன்னு ஒருத்தர் எனக்கு எழுதிருந்தாரு, வரத்தான் செய்யும், அதுல கொம்ப நாமளே முன்னாடி அடிக்கிறோம்ல. ஆனா பிடிஎஃப்ல அந்தத் தலைப்ப காப்பி பண்ணிப் பாருங்க, இங்கிலீஷ் எழுத்துக் குப்பையா வந்து விழும். வேணாம்.

பிள்ளைங்ககிட்ட மழைமானி அளவ தினமும் காலைல 8.30க்கு எடுக்கச் சொல்லுங்க டீச்சர், அப்பத்தான் வானிலைத் துறை நம்பரோட வச்சு ஒத்துப் பாக்க முடியும்.

கேள்வி: அண்ணா, கேரளா காலேஜ்ல கெமிஸ்ட்ரில பிஎச்.டி. பண்றேன். 24 சாம்பிளுக்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் சோதனை) எடுத்துருக்கேன். ஆரிஜின்ங்கற கிராஃப் சாஃப்ட்வேர்ல ஒவ்வொண்ணா போட்டு ஒவ்வொண்ணுக்கும் ஃபான்ட், டிக், கோட்டு தடிமன் மாத்தி உயிரு போகுது. ஆரிஜின்ல போட்டாத்தான் ஜர்னல்ல எடுப்பாங்கன்னு லேப்ல சொல்றாங்க, உண்மையா? பேப்பர் பிடிஎஃப்ல படத்துல எழுத்து எறும்பு சைஸ்ல இருக்குன்னு ரிவ்யூவர் வேற திட்டிருக்காரு. – கொழிஞ்சாம்பாறை

பதில்: ஜர்னலுக்கு நீங்க எதுல போட்டீங்கங்கறது கவலையே இல்லம்மா, படத்தோட அளவு, ரெசல்யூஷன், ஃபார்மேட் இதத்தான் கேப்பாங்க. ஆரிஜின் நல்ல சாஃப்ட்வேர்தான், ஆனா காசு, விண்டோஸ் மட்டும். லைசன்ஸ் இருந்தா நல்லா பயன்படுத்துங்க, லேப்ல பென்டிரைவ்ல சுத்துற கிராக் வெர்ஷன்னா தொடாதீங்க, வைரஸ் வந்து தீசிஸ் ஃபோல்டரே போயிட்டா யாரும் திருப்பித் தர மாட்டாங்க.

ஆரிஜின்லயே இருக்கணும்னா ஒரே ஒரு படத்த மட்டும் மனசுக்குப் பிடிச்ச மாதிரி முழுசா முடிங்க. அத டெம்ப்ளேட்டா சேமிங்க. அப்றம் அந்த கிராஃப் விண்டோவோட தலைப்புல ரைட் கிளிக் பண்ணா டூப்ளிகேட்னு பேட்ச் பிளாட்டிங் ஆப்ஷன் இருக்கும், மிச்ச 23 புக்கையும் செலக்ட் பண்ணுனா அதே தோரணைல 23 படம் வந்து விழும். ஏற்கனவே போட்ட படங்கள மாத்தணும்னா ஒண்ணுல காப்பி ஃபார்மேட், இன்னொண்ணுல பேஸ்ட் ஃபார்மேட். இது தெரியாம வருஷக்கணக்கா டபுள் கிளிக் பண்ணிட்டு இருக்கிற சீனியருங்க நெறைய.

பைத்தான் பக்கம் வர்றதா இருந்தா ஃபோல்டர்ல இருக்கிற ஃபைல் பேரையெல்லாம் குளோப் எடுத்துக் குடுக்கும், ஆனா சாம்பிள்1, சாம்பிள்2, சாம்பிள்10ன்னு பேரு வச்சிருந்தா வரிசைப்படுத்துறப்ப 1, 10, 11ன்னு போய் அப்றந்தான் 2 வரும். இப்பவே 01, 02ன்னு மாத்திருங்க. மெஷின்ல இருந்து வர்ற ஃபைல்ல மேல நாலஞ்சு வரி ஹெட்டர் இருக்கும், அத ஸ்கிப்ரோஸ்ல தாண்ட விடுங்க. லூப்புக்குள்ள ஒவ்வொரு படத்தையும் சேமிச்ச உடனே குளோஸ் பண்ணிருங்க, இல்லாட்டி 20 படம் தாண்டுனதும் மெமரி போகுதுன்னு எச்சரிக்க ஆரம்பிச்சுரும். 24 தனிப் படம் பேப்பர்ல எவனும் போட மாட்டான், ஒவ்வொரு பேட்டர்னையும் அதோட அதிகபட்சத்தால வகுத்து, ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஒரு மாறிலியக் கூட்டி அடுக்கி ஒரே படமா காட்டுங்க, ஒய் ஆக்ஸிஸ் நம்பர எடுத்துருங்க, அடுக்குனதுக்கு அப்றம் அந்த நம்பருக்கு அர்த்தமில்ல.

எறும்பு சைஸ் எழுத்துக்கு வருவோம். மேட்பிளாட்லிப் ஒண்ணும் சொல்லாட்டி 6.4 இன்ச் அகலத்துல, 10 பாயின்ட் எழுத்துல படம் போடும். ஜர்னலோட ஒத்தக் காலம் அகலம் 8.5 சென்டிமீட்டர்னு வைங்க, அது 3.35 இன்ச். அவங்க உங்க படத்த அதுக்குள்ள சுருக்குனா 10 பாயின்ட் எழுத்து 5.2 பாயின்ட் ஆயிரும். டிபிஐய (ஒரு இன்ச்சுக்கு எத்தன புள்ளிங்கறது) 600 ஆக்குனாலும் எழுத்து பெருசாகாது, கூர்மையாத்தான் ஆகும், இந்த ரெண்டையும் எல்லாரும் போட்டுக் குழப்பிக்கிறாங்க. அதனால மொதல்லயே ஃபிக்சைஸ 3.35 இன்ச்சுன்னு வச்சு எழுத்த 8 பாயின்ட்னு வைங்க, எது ஸ்கிரீன்ல தெரியுதோ அதுவே அச்சுல வரும். கோடு மட்டும் இருக்கிற படத்துக்கு பிடிஎஃப், இபிஎஸ் மாதிரி வெக்டர் ஃபைல் குடுத்தா டிபிஐ கவலையே இல்ல. இந்த சைஸ், ஃபான்ட், தடிமன் எல்லாத்தையும் ஒரு ஸ்டைல் ஃபைல்ல எழுதி வச்சு ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டோட மேலயும் ஒரு வரில கூப்ட்டுக்கோங்க, அடுத்த பேப்பர் வேற ஜர்னலுக்குப் போனா அந்த ஒரு ஃபைல மட்டும் மாத்துனா தீர்ந்துச்சு.

கேள்வி: ரெயின்போ கலர்ல ஹீட்மேப் (நம்பர கலரா காட்டுற படம்) போடலாமா? – களியக்காவிளை

பதில்: வேணாம். ஜெட்னு சொல்ற அந்த வானவில்ல மஞ்சளும் சியானும் மட்டும் பளிச்சுன்னு நிக்கும், டேட்டால இல்லாத ஓரத்த கண்ணுக்குக் காட்டும். மேட்பிளாட்லிப்பே 2017ல 2.0 வெர்ஷன்ல அதத் தூக்கிட்டு விரிடிஸ்ங்கற கலர் வரிசைய டீஃபால்ட் ஆக்கிருச்சு, கருப்பு வெள்ளைல ஜெராக்ஸ் எடுத்தாலும் அது படிக்கிற மாதிரி இருக்கும்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊர்ல ஆரியங்காவு கணவாய் காத்த அளந்து விண்ட் ரோஸ் (எந்தத் திசைல இருந்து எவ்ளோ காத்து வருதுன்னு காட்டுற வட்டப் படம்) போட்டேன். காத்து மேக்க இருந்து வருதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும், படத்துல என்னடான்னா தெக்க காட்டுது. கருவி கெட்டுப் போச்சா? – செங்கோட்டை

பதில்: கருவிய கழட்டாதீங்க. மேட்பிளாட்லிப்போட போலார் படம் கணக்குப் புஸ்தக முறைல போகும், சைபர் டிகிரி கெழக்க, அங்க இருந்து எடஞ்சுழியா சுத்தும். திசைகாட்டில சைபர் வடக்க, வலஞ்சுழி. நீங்க மேக்குன்னு குடுத்த 270 அங்க போய் தெக்க நிக்குது, அவ்ளோதான். செட் தீட்டா ஸீரோ லொகேஷன்ல "என்"னு குடுங்க, செட் தீட்டா டைரக்ஷன்ல மைனஸ் ஒண்ணு குடுங்க. கோணத்த ரேடியனா மாத்திக் குடுத்தீங்களான்னும் பாத்துக்கோங்க. காத்துத் திசைன்னா அது எங்க இருந்து வருதோ அதத்தான் சொல்லணும், எங்க போகுதோ அது இல்ல, சிலர் அதையும் திருப்பிப் போட்டுருவாங்க.

இதவிட மோசமான ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, திசைய சராசரி எடுக்குறது. 350 டிகிரியும் 10 டிகிரியும் ரெண்டுமே கிட்டத்தட்ட வடக்கு, கூட்டி ரெண்டால வகுத்தா 180ன்னு நேர் தெக்க வந்துரும். சைன், கொசைனா பிரிச்சு தனித்தனியா சராசரி எடுத்து திரும்பச் சேக்கணும். 16 திசையா பிரிக்கிறப்ப ஒவ்வொரு பங்கும் 22.5 டிகிரி, வடக்குப் பங்கு 348.75ல ஆரம்பிச்சு 11.25ல முடியணும், சைபர்ல ஆரம்பிச்சா எல்லாம் அரைப் பங்கு சாஞ்சு நிக்கும். காத்தே இல்லாத நேரத்த எந்தத் திசைலயும் சேக்காம அமைதி இத்தன சதவீதம்னு ஓரத்துல எழுதுங்க. வருஷம் முழுசும் ஒரே ரோஸா போடாம ஜூன்ல இருந்து செப்டம்பர் ஒண்ணு, அக்டோபர்ல இருந்து டிசம்பர் ஒண்ணுன்னு பிரிச்சா கணவாய்க் காத்துக்கும் வடகிழக்குப் பருவத்துக்கும் உள்ள வித்தியாசம் அழகா தெரியும், செங்கோட்டைல அதப் பாக்காட்டி வேற எங்க பாக்குறது.

கேள்வி: எனக்கு புரோகிராமிங் வராது, காசும் குடுக்க முடியாது. மவுஸாலயே போடுற மாதிரி எது நல்லாருக்கும்? – உத்தமபாளையம்

பதில்: வியூஸ் (வி-இ-யு-எஸ்-இசட்), லேப்பிளாட் ரெண்டும் இலவசம், ரெண்டுலயும் மவுஸ் போதும். நான் வியூஸ்தான் சொல்லுவேன், அதோட ஃபைல நோட்பேட்ல தொறந்தா உள்ள படம் போடுற கட்டளை எல்லாம் எழுத்தாவே இருக்கும், டேட்டா ஃபைல லிங்க் பண்ணி வச்சா டேட்டா மாறுனதும் ரீலோட் பண்ணாப் போதும். எக்செல்ல நூறு படம் போட்டு ஒண்ணொண்ணா சட்டை மாட்டி விடுறத விட இது எவ்வளவோ தேவலை.

கேள்வி: சேட்டா, வீட்டு மாடில மழை, வெப்பம் அளக்குற கருவி வச்சிருக்கேன். தினம் காலைல தானா படம் வரணும்னு பைத்தான் ஸ்கிரிப்ட விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டேன். கையால ஓட்டுனா படம் வருது, ஷெட்யூலர்ல ஓடுனா ஓடிருச்சுன்னு சொல்லுது, படத்தக் காணோம். – குமுளி

பதில்: சேட்டான்னு கூப்ட்டுட்டீங்க, அப்ப கட்டாயம் சொல்லணும். படம் எங்கயோ வந்துருக்கும், சிஸ்டம்32 ஃபோல்டர்ல போய்த் தேடிப் பாருங்க. ஸ்கிரிப்ட்ல ஃபைல் பேர மட்டும் குடுத்து ஃபோல்டர் குடுக்காம விட்டா அது ஓடுற எடத்துலதான் தேடும், எழுதும். நீங்க கையால ஓட்டுறப்ப உங்க ஃபோல்டர்ல நின்னு ஓட்டுறீங்க, ஷெட்யூலர் வேற எடத்துல நின்னு ஓட்டுது. டாஸ்க்கோட ஆக்ஷன்ல ஸ்டார்ட் இன்னு ஒரு கட்டம் காலியா இருக்கும், அதுல ஃபோல்டர் பாதையக் குடுங்க, இல்ல ஸ்கிரிப்ட்லயே எல்லாத்துக்கும் முழுப் பாதை எழுதிருங்க. கடைசி வரில ஷோன்னு போட்ருந்தா எடுத்துருங்க, ஸ்கிரீன் முன்னாடி யாரும் இல்லாதப்ப அது விண்டோவத் தொறந்து வச்சுட்டு மூடுவாங்கன்னு காத்துக்கிட்டே கெடக்கும், சேவ்ஃபிக் மட்டும் போதும். மேட்பிளாட்லிப்போட பேக்எண்ட (பின்னாடி நின்னு படம் வரையற எந்திரம்) ஆக்னு வச்சுட்டா விண்டோவே வேணாம். லினக்ஸ்ல கிரான்ல (அங்க இருக்கிற ஷெட்யூலர்) போடுறவங்களுக்கும் இதே கதைதான், அங்க கூடுதலா பைத்தானுக்கே முழுப் பாதை எழுதணும்.

எப்ப ஓட்டணும்னா 8.30க்கு போடாதீங்க, கருவில இருந்து டேட்டா வந்து சேர கொஞ்ச நேரம் விட்டு 8.45ன்னு வைங்க. அப்றம் படத்தோட ஓரத்துல சின்ன எழுத்துல இது எந்தத் தேதி எத்தன மணி வரைக்கும் உள்ள டேட்டான்னு ஸ்கிரிப்ட்டே எழுதுற மாதிரி வைங்க, கம்ப்யூட்டர் தேதிய இல்ல, டேட்டா ஃபைல்ல கடைசி வரில இருக்கிற தேதிய. இல்லாட்டி கருவிக்கு பேட்டரி போயி மூணு நாளானாலும் ஷெட்யூலர் பாட்டுக்கு பழைய படத்தையே புதுசா போட்டுக் குடுக்கும், நீங்களும் அத தினம் குரூப்ல ஃபார்வேர்ட் பண்ணிட்டு இருப்பீங்க.